மரமேறிய இலவசக் கல்வி!

இலவசக் கல்வி இந்நாட்டு மக்களின் பிறப்புரிமை என்று மேடைதோறும் முழங்குகின்றார்கள். முழங்கட்டும். அந்த இலவசக் கல்வியை எட்டிப் பிடிக்க ஊவா மாகாணத்துப் பிள்ளைகள் மரமேற நேர்ந்த கதையை மட்டும் அம்மேடைகளில் எவரும் எடுத்துரைப்பதில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவின் பொருட்டுப் பள்ளிகள் பூட்டப்பட்டன. இடையிடையே திறப்பதும் மீண்டும் பூட்டுவதுமாகக் காலம் கழிந்தது. 200 மாணவருக்குக் குறைந்த ஆரம்பப் பள்ளிகளே 2021 ஒக்டோபரில்தான் மீண்டும் திறந்தன. இக்காலத்தில் பள்ளிக்கூடம் கைத்தொலைபேசிக்குள் குடிபுகுந்தது. கல்வியமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளமும், சூம், வட்ஸ்அப் வகுப்புகளுமே இனிக் கல்வி என்றனர்.

பதுளை மாவட்டத்து லுணுகலையில் என்ன நடந்தது? மலையுச்சிக் காட்டிலே 30 அடி உயரத்து மரவீட்டுக்குப் பெரியோர் துணையுடன் பிள்ளைகள் ஏறினர். அங்கேதான் சிக்னல் கிடைத்தது. முறை வைத்துப் பாடங்களை இறக்கிக்கொண்டனர்; எழுதிய பயிற்சிகளை அனுப்பினர். 2021இல் இச்செய்தி உலகெங்கும் பரவியது. பிள்ளைகளின் ஊக்கத்தைப் பலரும் மெச்சினர். மெச்சத்தக்கதுதான். ஆனால் அவர்களை மரத்தில் ஏற்றியவர் யார்? நாம் கேட்கிறோம்.

சட்டத்தைப் பார்ப்போம். 5 முதல் 16 வயது வரை பிள்ளை கல்வி கற்பது கட்டாயம் என்கிறது 2016ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி. சகலருக்கும் கல்வியிற் சமவாய்ப்பு என்கிறது அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை. அக்கோட்பாட்டைக் காட்டி வழக்காட முடியாது என்று 29ஆம் உறுப்புரை கதவை அடைக்கிறது! எனினும், சட்டத்தின்முன் யாவரும் சமம் எனும் 12ஆம் உறுப்புரை அடிப்படை உரிமை. அதன் கதவு திறந்தே கிடக்கிறது. பிள்ளையைப் படிக்கவை என்று பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் அரசு, பள்ளியைத் தொலைபேசிக்குள் வைத்துவிட்டு, தொலைபேசியையும் டேட்டாவையும் நீயே வாங்கிக்கொள் என்றால், அது கல்விக் கட்டணம் அன்றி வேறென்ன?

தோட்டத் தொழிலாளிக்கு 1,000 ரூபாய் நாட்சம்பளம் என வர்த்தமானியில் வெளிவந்ததே 2021 மார்ச்சில்தான். கொழுந்தின் நிறை குறைந்தால் அதுவும் அரைப்பேர். அக்கூலியில் அரிசி வாங்குவதா, ரீலோட் போடுவதா? மூன்று பிள்ளைகளுள்ள லயத்து வீட்டில் ஒரே தொலைபேசி. அதுவும் மலையில் கொழுந்தெடுக்கும் தாயின் கையிலோ, கொழும்புக் கடையில் உழைக்கும் தந்தையின் கையிலோ!

அரசுக்கு இது தெரியாதா? லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம் 2018இல் எடுத்த கணக்கின்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள்ள வீடுகளில் 48 வீதத்திலேயே ஸ்மார்ட் தொலைபேசியோ கணினியோ இருந்தது. இணைய இணைப்பு 34 வீதத்திலேயே. இது முழு இலங்கையின் கணக்கு. நகரம், கிராமம், தோட்டம் என்று அரசே வகுத்துத் தரும் கணினிக் கணக்குகளில் அடிமட்டத்தில் கிடப்பது தோட்டம்.

இது புதிய அநீதியன்று. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகள் துரைமாரின் கையிலேயே விடப்பட்டன. 1960, 1961இல் உதவிபெறும் பள்ளிகளை அரசு ஏற்றபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியே நின்றன. 1970களிலேதான் அவற்றை ஏற்கும் வேலை தொடங்கிற்று. கரும்பலகைக் காலத்தில் வாசலில் நிறுத்தப்பட்ட சமூகம், கணினிக் காலத்திலும் வாசலிலேயே நிற்பதா?

இப்போது, தமிழில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆசிரியரின்றித் தவிக்கும் தோட்டப் பள்ளிகளுக்கு டிஜிட்டல் கல்வியே மருந்து என்கின்றனர். டேப் வழங்கும் விழா நடக்கிறது. மாலை, பொன்னாடை, படப்பிடிப்பு! நம்மவர் சிலரும் அதில் முன்வரிசையில் அமர்கின்றனர். படம் பிடித்தபின் அக்கருவிகள் என்னவாயின என்று கேட்போர் யார்?

நாம் இயந்திரத்துக்குப் பகைவரல்லர். ஆய்வு என்ன சொல்கிறது என்றே கேட்கிறோம். பெரு நாட்டில் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகளை வழங்கினர்; கற்பித்தலோடு அவற்றை இணைக்கவில்லை; பிள்ளைகளின் கல்வி உயரவில்லை. இதனை எடுத்துச்சொன்னது யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு அறிக்கை. பிரிட்டனில் கல்வித் தொழில்நுட்பக் கம்பெனிகளுள் தம் சரக்கை முறையான ஒப்பீட்டுச் சோதனைக்கு உட்படுத்தியவை 7 வீதமே என்றும் அது கூறுகிறது. சோதியாத சரக்கை நம் பிள்ளைகள் தலையில் கட்டலாமா?

பயன் விளைந்த இடமும் உண்டு. தில்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ எனும் கணினிப் பாடம் கணிதத்திலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் தந்ததை 2019இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அங்கே கணினி அந்தந்தப் பிள்ளையின் தரமறிந்து பாடம் தந்தது. அருகில் ஆளிருந்து சிறு குழுவாகவும் கற்பித்தார். வீட்டிலே தொலைபேசியை வாங்கிப் பார்த்துக்கொள் என்று அப்பிள்ளைகளைக் கைவிடவில்லை. அதுவே வேறுபாடு.

ஆகவே நாம் கோருவன இவை. ஊவாவின் ஒவ்வொரு தோட்டப் பள்ளியிலும் மின்சாரம், இணைப்பு, கருவி, ஆசிரியர் எத்தனை என்ற கணக்கைப் பகிரங்கமாக வெளியிடுக. இணைப்பைப் பெற்றோரின் மடியில் சுமத்தாது பள்ளிக்குக் கொண்டுவருக. கருவிக்கு முன்னே ஆசிரியரை நியமிக்குக. எத்திட்டமாயினும் பசறையிலும் மடுல்சீமையிலும் சோதித்த பின்னரே நாடெங்கும் பரப்புக. ஆய்வாளர் தொலைவிலிருந்து வரவேண்டியதில்லை. 2005 முதல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆய்வு லயத்து வாசலிலிருந்து தொடங்கட்டும்.

இக்கோரிக்கை தமிழருக்கு மட்டும் உரியதன்று. சிக்னலின்றி மலையேறிய ஊவாவின் சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கும் உரியது. பெற்றோரே! அடுத்த முறை டேப்பும் மாலையுமாக வருவோரிடம், எங்கள் பள்ளிக்குக் கணித ஆசிரியர் எங்கே என்று முதலில் கேளுங்கள். விடை சொல்லிவிட்டு விழாவை நடத்தட்டும்!