சின்ன வெங்காயத்தை எப்போது வாங்குவது?

"உள்ளூர் உற்பத்தியையே வாங்குவோம்" எண்டு பதிவு போடுறது லேசு. திருநெல்வேலிச் சந்தையில் காசை எண்ணிக்கொண்டு நிற்கிறபோது அது அவ்வளவு லேசில்லை. ஒரு பக்கம் எங்கட சின்ன வெங்காயம். மற்றப் பக்கம் இந்தியாவிலிருந்து வந்த பெரிய வெங்காயம். அநேகமான நாட்களில் அதுதான் மலிவு, உரிக்கவும் சுகம். அறை எடுத்து நாலு பேராகச் சமைக்கிற மாணவர்கள் எதை வாங்குவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கு ஊர்ப்பற்று இல்லை என்று சொல்ல நான் தயாரில்லை.

இந்தக் கதை வந்தால் பெரியவர்கள் உடனே 1970–77 காலத்துக்குப் போய்விடுவார்கள். சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது உண்மைதான். ஆனால் அதே காலத்தில் சனம் பாணுக்கு வரிசையில் நின்றது. (பல்கலைக்கழகத் தரப்படுத்தலைக் கொண்டுவந்ததும் அதே அரசாங்கம்தான். கதை சொல்லுறவை அதை மெல்ல விட்டுவிடுவினம்.) 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது, தோட்டக்காரர் அடி வாங்கினார்கள்.

இறக்குமதியை மட்டும் நம்பியிருக்கவும் ஏலாது. 2023 டிசெம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தவுடன் இங்கே பெரிய வெங்காயத்தின் விலை எகிறியது.

இன்னொன்று, நாங்கள் 'உள்ளூர்' என்று சொல்வது எவ்வளவு உள்ளூர்? உரம், கிருமிநாசினி, தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு எண்ணெய் எல்லாம் கப்பலில் வருபவை. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது அது எல்லாருக்கும் விளங்கியது. உள்ளூர் என்றால் நஞ்சில்லாதது என்றும் இல்லை. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அளவுக்கு மிஞ்சிப் போடும் உரம் நைத்திரேற்றாகக் கிணற்றுத் தண்ணீரில் சேர்கிறது.

அப்படியென்றால் ஏன் உள்ளூர்ச் சாமானை வாங்க வேண்டும்? என்னைப் பொறுத்தவரை விசயம் வருசம் முழுக்க எதை வாங்குகிறோம் என்பதில் இல்லை, வெங்காயம் கிண்டுகிற அந்தச் சில கிழமைகளில் என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது. எல்லாத் தோட்டத்துச் சரக்கும் ஒன்றாகச் சந்தைக்கு வருகிறது. அந்த நேரம் இறக்குமதியும் வந்து குவிந்தால் விலை படுத்துவிடும். வெங்காயத்தைப் பிடியாகக் கட்டித் தொங்கவிட்டுச் சில மாதம் வைத்திருக்கலாம்தான், ஆனால் கடன் பட்டு நட்டவருக்குப் பொறுத்திருக்க வசதியில்லை. எங்களுக்கும் சின்ன வெங்காயம் கட்டுப்படியாகிற காலம் அதுதான். அப்ப ரெண்டு கிலோ கூட வாங்கி வையுங்கோ. உருளைக்கிழங்குக்கும் இதே கணக்குத்தான். மைசூர்ப் பருப்பு இங்கே விளைவதில்லை, அதற்காக ஒருத்தரும் கவலைப்படத் தேவையில்லை.

ஆனால் வாங்குபவரின் தலையில் மட்டும் இதைக் கட்டக் கூடாது. சந்தைக்குப் பத்துக் கிலோ கொண்டுவரும் தோட்டக்காரரிடம் ஒரு கிலோவைக் 'கழிவு' என்று எடுத்துக்கொண்டு ஒன்பது கிலோவுக்குக் காசு கொடுக்கிற வழக்கம் எங்கட சந்தைகளில் இருந்து வருகிறது. அந்தக் கிலோவை எடுப்பது இந்தியா இல்லை. அதைவிட, இறக்குமதி வெங்காயத்துக்கான விசேட பண்ட வரி வர்த்தமானி ஒன்றால் திடீரென்று ஏறும், இறங்கும். அறுவடை நேரத்து வரி எவ்வளவு என்பதை நடுகைக்கு முதலே அறிவித்தால், எவ்வளவு பரப்பில் நடுவது என்று தோட்டக்காரர் கணக்குப் பார்ப்பார். இதைக் கேட்டு எங்கட பக்கத்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் கதைக்கலாமே.