பூஞ்சையை வெல்லப் பூஞ்சையே வழிகாட்டும்!

கரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், 2021 மே மாதம், கருப்புப் பூஞ்சை நோய் நாட்டை அச்சுறுத்தியதை மறந்திருக்க முடியாது. 'ஆம்போடெரிசின்-பி' மருந்துக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது; நோயாளிகளின் உறவினர்கள் ஊர் ஊராக அலைந்தனர். அந்த நெருக்கடி ஓய்ந்துவிட்டது. ஆனால், 1950-களில் கண்டறியப்பட்ட ஒரு மருந்தையே இன்றும் ஏன் நம்பியிருக்கிறோம் என்ற கேள்வி ஓயவில்லை.

பாக்டீரியாவின் செல் அமைப்பு மனித செல்லிலிருந்து பெரிதும் வேறுபட்டது. பூஞ்சையோ, உயிரின வரிசையில் நமக்கு நெருங்கிய உறவு. அதைக் கொல்லும் மருந்து நம்மையும் காயப்படுத்தக்கூடும். உடலுக்குள் பரவிய பூஞ்சைத் தொற்றுக்கு முதன்மையாக நான்கு வகை மருந்துகளே இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

ஆம்போடெரிசின் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. எல்லா செல்களும் பொட்டாசியத்தைத் தமக்குள் செறிவாகச் சேமித்து வைக்கின்றன. அந்த இருப்பு வடிந்தால் செல்லின் இயக்கம் குலைந்துவிடும். பூஞ்சையின் செல் சவ்வைச் சிதைத்து, பொட்டாசியத்தைக் கசியவிடுகிறது இந்த மருந்து. ஆனால், அது சிறுநீரகத்தையும் பாதிப்பதால் நோயாளியின் உடலிலிருந்தும் பொட்டாசியம் வெளியேறுகிறது. எதிரியின் களஞ்சியத்தைச் சூறையாடச் சென்ற படை, சொந்த ஊரின் களஞ்சியத்தையும் கொள்ளையிடுவது போன்றது இது.

எதிரியின் களஞ்சியத்தை மட்டும் திறக்கும் சாவி உண்டா? இயற்கையில் அதற்கான குறிப்பு ஒன்று இருக்கிறது. ரொட்டிக்கும் மதுவுக்கும் பயன்படும் ஈஸ்டில் சில வகைகள், அருகிலுள்ள பிற ஈஸ்டுகளைக் கொல்லும் நச்சுப் புரதத்தைச் சுரப்பதை 1963-இல் பெவன், மக்கோவர் ஆகிய ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். ஈஸ்டுக்குள் குடியிருக்கும் வைரஸே அந்த நச்சுக்கான மரபுக் குறிப்பைச் சுமக்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. 'கே-1' எனப்படும் அந்த நச்சு, எதிரி ஈஸ்டின் செல் சுவரில் ஒட்டி, சவ்வை அடைந்து, பொட்டாசியத்தை வெளியேற்றிக் கொல்கிறது. சுரக்கும் ஈஸ்டுக்கோ பாதிப்பில்லை.

அந்த நச்சு தானே புதிய துளையை உண்டாக்குகிறதா, பூஞ்சைகளுக்கே உரிய 'டாக்-1' என்னும் பொட்டாசியம் வாயிலைத் திறந்துவிடுகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் உமிழ்நீரில் உள்ள 'ஹிஸ்டாட்டின்-5' புரதம் கேண்டிடா பூஞ்சையைக் கொல்லும்போதும், அதன் பொட்டாசியக் கடத்திக்கு முக்கியப் பங்கு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

கே-1 நச்சை அப்படியே மருந்தாக்க இயலாது. அமிலத்தன்மையும் குளிர்ச்சியும் உள்ள சூழலில்தான் அது செயல்படும். மனித உடலின் வெப்பத்தில் செயலிழந்துவிடும். எனினும், எங்கே தாக்கினால் பூஞ்சை மட்டும் வீழும் என்பதைத் தேடுவதற்கு அது வழிகாட்டுகிறது.

அந்தத் தேடல் அவசரமானது. 2009-இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து முதன்முதலில் விவரிக்கப்பட்ட 'கேண்டிடா ஆரிஸ்', இன்று இந்தியா உள்பட பல நாடுகளின் மருத்துவமனைகளில் பரவியிருக்கிறது. பல மருந்துகளுக்கு அது கட்டுப்படுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட 19 பூஞ்சைகளின் முன்னுரிமைப் பட்டியலில், மிக ஆபத்தான பிரிவில் அதுவும் இடம்பெற்றது. அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், சீனா ஆகியவற்றின் ஒழுங்குமுறை அமைப்புகள் முந்தைய பத்தாண்டுகளில் அனுமதித்த புதிய பூஞ்சை எதிர்ப்பு மருந்துகள் நான்கே என்று அந்நிறுவனம் 2025-இல் சுட்டிக்காட்டியது.

ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டிய மருந்துகள் தரும் லாபத்தை, சில வாரங்கள் மட்டுமே தேவைப்படும் மருந்து தராது. எனவே, சந்தை மட்டுமே இந்தப் பணியைச் செய்து முடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஈஸ்டின் பொட்டாசிய வாயில் போன்ற அடிப்படை ஆய்வுகளுக்கு உடனடிப் பயன் கேட்காமல் அரசு நிதி ஒதுக்க வேண்டும். பல்கலைக்கழக ஆய்வகங்களையும் மருத்துவமனைகளையும் இணைக்க வேண்டும்.

தட்டுப்பாடு வந்த பின் மருந்தைத் தேடி ஓடுவது நிர்வாகம். வருமுன் மருந்தை உருவாக்குவதே அறிவியல் கொள்கை. 2021 கற்பித்த பாடம் அதுதான்.