நெற்றியில் படும் கை

பிலிப்பைன்ஸ் நாட்டுக் குடும்ப வாழ்க்கையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு வகையினர். உலகிலேயே நீண்ட கிறிஸ்துமஸைக் கொண்டாடும் மக்கள், சுற்றம் சிதறாத மக்கள், எப்போதும் சிரித்த முகத்தினர் என்று புகழ்ந்து முடித்துவிடுவோர் ஒரு சாரார். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான ஸ்பானிய ஆட்சி விட்டுச்சென்ற எச்சம்தானே அது, அதில் அவர்களுடையது என்று எதைச் சொல்வது என்று உதட்டைப் பிதுக்குவோர் மறுசாரார். இவ்விரு சாராரும் அந்த வீட்டுக்குள் வளரும் குழந்தையைப் பார்ப்பதில்லை என்பதே நமது குறை.

சென்ற ஆண்டு நாம் பணிபுரியும் கல்லூரியின் இலக்கிய மன்றத்தில் ஹோசே ரிசாலின் 'நோலி மே தாஞ்ஹெரே' நாவலைப் பற்றிப் பேச நேர்ந்தது. பேச்சு முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, "அந்தப் பையன் அதற்கப்புறம் கிறிஸ்துமஸ் கொண்டாடினானா ஐயா?" என்று கேட்டாள். விடை நம்மிடம் இல்லை. ரிசாலின் இரண்டாம் நாவலை அப்போது நாம் படித்திருக்கவில்லை. அந்தக் கேள்வி துரத்தியதால்தான் அந்நாட்டு வீடுகளைப் பற்றியும் கொஞ்சம் படிக்கலானோம்.

தகாலோக் மொழி பேசும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பள்ளிவிட்டு வரும் குழந்தை பையை வைத்துவிட்டு நேரே பாட்டியிடம் செல்கிறது. அவள் கையைப் பற்றிக் குனிந்து, புறங்கையைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறது. வாயால் 'மானோ போ' என்கிறது. (நம் ஊரில் இப்படிச் சொன்னால் யாரோ மானை விரட்டுகிறான் என்றே எண்ணுவர். 'மானோ' ஸ்பானிய மொழியில் கை. 'போ' தகாலோக்கில் மரியாதைச் சொல்.) பாட்டி, இறைவன் உனக்கு இரங்குவாராக என்று பொருள்படும் ஒரு வாழ்த்தைச் சொல்கிறாள். காலில் விழுவதைப் போல இஃது எப்போதாவது செய்யும் சடங்கன்று, அன்றாடம் நிகழ்வது. திருச்சபையின் மறைக்கல்வி பின்னால் வருகிறது. அக்குழந்தைக்கு இறைவன் பெயர் முதலில் அறிமுகமாவது பாட்டியின் சுருங்கிய கையின் வழியாகத்தான்.

மூத்தவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் அங்கும் இல்லை. அக்காள் 'ஆத்தே', அண்ணன் 'கூயா'. இவ்விரு சொற்களும் சீனத்தின் ஹொக்கியன் வழக்கிலிருந்து வந்தவை. கும்பிடும் முறையில் ஸ்பானியம், கூப்பிடும் முறையில் சீனம் என்று எள்ளுவோருக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கடன் வாங்காத வீடு எந்த மொழியிலும் இல்லை. நம் மாங்காய் மலாய் வழியாக அவர்கள் நாவில் 'மங்கா' ஆகியிருக்கிறது. அதை யாரும் தமிழ்ப் பழம் என்று எண்ணி உண்பதில்லை.

உணவு மேசைக்கு மேலே சுவரில் இயேசுவின் கடைசி இராவுணவுப் படம் மாட்டியிருக்கும். அருகிலேயே ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான மரக்கரண்டியும் முள்கரண்டியும் அழகுக்காகத் தொங்கும். முன்னறையில் ஒரு சிறு பீடம். அதில் மாதா, அவளருகே முடிசூடிய குழந்தை இயேசுவான சாந்தோ நீனோ. இந்தக் குழந்தைக்கு வரலாறு உண்டு. 1521இல் மெகல்லன் செபுத் தீவில் இறங்கியபோது, திருமுழுக்குப் பெற்ற அரசிக்கு ஒரு குழந்தை இயேசு உருவத்தை அளித்தார். 1565இல் மீண்டும் வந்த ஸ்பானியர் அதை அங்கே கண்டெடுத்தனர். இன்றும் செபுவின் பேராலயத்தில் இருக்கிறது. ஜனவரி மூன்றாம் ஞாயிறு அதன் திருவிழா. வீடுகளில் இருக்கும் சாந்தோ நீனோவுக்கோ அரச உடை மட்டுமே என்பதில்லை, உழவன் உடையும் காவலர் உடையும்கூட உடுத்துவர். பிள்ளைத்தமிழ் பாடம் நடத்தும் நமக்கு இதில் அயன்மை எதுவும் தோன்றவில்லை. கடவுளைக் குழந்தையாக்கிவிட்டால், வீட்டுக் குழந்தைக்கு ஒரு தோழன் கிடைத்துவிடுகிறான்.

இனிப் பண்டிகைக்கு வருவோம். செப்டம்பர் பிறந்ததுமே கடைகளில் ஹோசே மாரி சான் 1990இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் பாடல் ஒலிக்கத் தொடங்கிவிடும். பெயர் 'பர்' என்று முடியும் நான்கு மாதங்களும் அவர்களுக்குக் கிறிஸ்துமஸ்தான். இடையில் நவம்பர் முதல் நாள் கல்லறைக்குக் குடும்பத்தோடு சென்று, சமைத்ததை அங்கேயே உண்டு, சில குடும்பங்கள் இரவும் தங்கும். பெரியவர்கள் செபிக்க, குழந்தைகள் உருகி வழிந்த மெழுகைச் சுரண்டி யாருடைய உருண்டை பெரிது என்று போட்டியிடுவர். இறந்தவர் மீது அச்சமில்லாமல் வளர்வதற்கு இதைவிட நல்ல பாடம் உண்டா என்று தெரியவில்லை.

டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியலுக்கு முன் திருப்பலி. 'சிம்பாங் காபி' என்பது அதன் பெயர். (காபி என்றால் தகாலோக்கில் இரவு, நம் காப்பிக்கு அதில் பங்கில்லை.) வயலுக்குச் செல்லும் உழவர்கள் வேலைக்கு முன் வழிபட வசதியாக ஏற்பட்ட வழக்கம் என்பர். தூக்கக் கண்ணோடு இழுத்துச் செல்லப்படும் குழந்தைக்குக் கோயில் வாசலில் பரிசு காத்திருக்கிறது. மேலும் கீழும் கனல் வைத்துச் சுட்ட அரிசிப் பணியாரமான பிபிங்கா ஒன்று. மூங்கில் குழாயில் ஆவியில் வேகவைத்து, வெண்ணெயும் தேங்காய்த் துருவலும் வெல்லமும் சேர்த்துத் தரும் ஊதா நிறப் 'புத்தோ பும்போங்' மற்றொன்று. நாகர்கோவில்காரரிடம் காட்டினால் குழாய்ப்புட்டுக்கு யார் சாயம் பூசியது என்று கேட்பார்.

ஒன்பது நாளும் தவறாமல் சென்றால் வேண்டியது கிடைக்கும் என்பது நம்பிக்கை. 24 நள்ளிரவில் குடும்பம் முழுவதும் அமர்ந்து உண்ணும் விருந்து 'நோச்சே புவேனா'. விடிந்ததும் பிள்ளைகள் ஞானப்பெற்றோரான நினோங், நினாங் வீடுகளுக்குப் படையெடுத்து, மானோ செய்து, 'அகினால்டோ' எனும் காசுப் பரிசு பெறுவர். பத்துப் பன்னிரண்டு ஞானப்பிள்ளைகள் உள்ளவர் அன்று தலைமறைவாகிவிடுவார் என்பது அந்நாட்டின் பழைய நகைச்சுவை. புத்தாண்டில் புள்ளி போட்ட ஆடை, மேசையில் பன்னிரண்டு உருண்டைப் பழங்கள். நள்ளிரவு மணி அடித்ததும் உயரமாக வளர வேண்டுமென்று குழந்தைகள் எம்பி எம்பிக் குதிப்பர்.

எல்லா வீடும் இப்படியல்ல. 2020 கணக்கெடுப்பின்படி கத்தோலிக்கர் 78.8 விழுக்காடு, இசுலாமியர் 6.4 விழுக்காடு. மிந்தனாவோவின் முஸ்லிம் குழந்தைக்குப் பெருநாள்தான் பண்டிகை. அந்நாட்டிலேயே தோன்றிய 'இக்லேசியா நி கிறிஸ்தோ' சபையினர் கிறிஸ்துமஸைக் கொண்டாடுவதே இல்லை. நாம் பேசுவது பெரும்பான்மையோர் வீட்டைப் பற்றி.

நாம் அதிகம் எண்ணிப் பார்த்தது ஈஸ்டர் விடியலைத்தான். பெரிய வெள்ளியன்று கடவுள் இறந்திருக்கிறார், சத்தம் போடாதே, மூன்று மணிக்குப் பின் குளிக்காதே என்று அதட்டப்பட்ட குழந்தைகள், ஞாயிறு இருளில் 'சலூபோங்' காண எழுப்பப்படுகின்றனர். உயிர்த்த மகனின் உருவம் ஒரு தெருவில் வருகிறது. கறுப்பு முக்காடிட்ட தாயின் உருவம் மற்றொரு தெருவில் வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில், வானதூதர் உடையணிந்த ஒரு சிறுமி தாயின் முக்காட்டை நீக்குகிறாள். பிரிந்த தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் காண்பதே அங்கு விழா.

தாயும் பிள்ளையும் பிரிந்திருப்பது அந்நாட்டில் புராணச் செய்தி மட்டுமன்று. 1974இல் மார்க்கோஸ் அரசு கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதை அரசின் திட்டமாகவே ஆக்கியது. சிறிது காலத்துக்கு என்று தொடங்கியது இன்றுவரை நிற்கவில்லை. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இன்று அயல்நாடுகளில் உழைக்கின்றனர். அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். 2023இல் அயலகப் பிலிப்பினோக்கள் வங்கி வழியாக அனுப்பிய பணம் மட்டும் 3,300 கோடி டாலருக்கு மேல். சிங்கப்பூரில் வாழும் நம் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்ச்சர்டு சாலை லக்கி பிளாசாவில் கூடும் பெண்களைப் பார்த்திருப்பர். வாரம் முழுவதும் பிறர் குழந்தைக்குச் சோறூட்டியவர்கள் அவர்களில் பலர்.

1988இல் ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்துவந்த தம் நாட்டுப் பெண்களிடம் உரையாற்றிய அதிபர் கொரசோன் அக்கினோ, அவர்களைப் 'புதிய வீரர்கள்' என்றார். அந்தப் பட்டம் நிலைத்துவிட்டது. நமக்கு அதில் உடன்பாடில்லை. போருக்குப் போனவர் என்றேனும் திரும்பி வருவார், போர் முடியும் என்ற எதிர்பார்ப்பாவது உண்டு. அரை நூற்றாண்டாக முடியாத ஒன்றுக்கு வீரம் என்று பெயர் வைப்பது, உள்ளூரில் வேலை தர இயலாத அரசுகளுக்கு மிக மலிவான வழி. வீரத்தாயின் பிள்ளை அழுதால் அது நன்றி கெட்ட பிள்ளையாகிவிடுகிறது. இன்னொரு பக்கம், தாய் போனதால் குடும்பம் கெட்டது என்று அவளையே குற்றவாளியாக்குவோரும் உண்டு. ஹாங்காங்கிலிருந்து திரும்பும் தாயைப் பெற்ற மகளே வெறுப்பதைச் சொன்ன 'ஆனாக்' (2000) திரைப்படத்தை அப்படிப் பார்த்தவர்கள் இருக்கலாம். நாம் அப்படிப் பார்க்கவில்லை. தாய் அயல்நாடு சென்றால் அவள் வேலையைத் தந்தை ஏற்பது குறைவு, மூத்த மகளும் பாட்டியும் பிற உறவுப் பெண்களுமே ஏற்கின்றனர் என்று ரேசல் பரேன்யாஸ் 2005இல் வெளியிட்ட ஆய்வு நூலில் காட்டியிருக்கிறார். 'ஆத்தே' என்ற சொல்லின் கனம் அதைப் படித்த பின்னரே நமக்கு விளங்கியது.

தாய்க்குப் பதிலாக வருவது ஒரு பெட்டி. 'பாலிக்பாயான்' பெட்டி என்பர். தாயகம் திரும்புவோர் என்று பொருள். சோப்பு, பல்பசை, டப்பா இறைச்சி, சாக்லேட், அளவு பார்த்து வாங்கிய காலணி. கப்பலில் கிறிஸ்துமஸுக்கு வந்து சேர வேண்டுமென்று மாதக்கணக்கில் முன்னதாகவே நிரப்பத் தொடங்குவர். காலணி வந்து சேர்வதற்குள் கால் வளர்ந்திருக்கும். 2015 ஆகஸ்டில் சுங்கத்துறையினர் இப்பெட்டிகளைத் திறந்து சோதிக்கப் போவதாகச் செய்தி பரவியபோது எழுந்த கொந்தளிப்பைக் கண்டு, அதிபரே தலையிட்டு மனம்போனபடி திறக்கலாகாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. சோப்புக்காகவா அத்தனை சினம்? ஒரு தாய் துண்டுக்குள் துண்டாகச் சுற்றி அடுக்கியதை அந்நியன் கலைத்துவிடுவான் என்பதற்காக.

இப்போது கைப்பேசித் திரையில் முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது, நோச்சே புவேனா மேசைமீது திரையை நிறுத்தி வைத்து உண்ணலாம். நெற்றியில் ஒற்றிக்கொள்ளக் கை மட்டும் அதில் வராது. ஒன்பது விடியலும் தவறாது கோயிலுக்குப் போகும் குழந்தை என்ன வேண்டிக்கொள்ளும் என்று கேட்க வேண்டியதில்லை. அவ்வழிபாட்டை அடிமை எச்சம் என்பவரிடம் நாம் மாறுபடுவது இவ்விடத்தில்தான். யாரிடம் கேட்டாலும் கிடைக்காத ஒன்றைக் கேட்பதற்கு ஓரிடம் அக்குழந்தைக்கு வேண்டியிருக்கிறது.

ரிசாலுக்கு இது தெரிந்திருந்தது. 1887இல் பெர்லினில் அச்சான நோலியில், கிரிஸ்பின், பசிலியோ என்னும் இரு சிறுவர்கள் கோயிலில் மணியடிக்கின்றனர். அவர்களுக்காகத் தாய் சீசா பார்த்துப் பார்த்துச் சமைத்ததைப் பொறுப்பற்ற தந்தை வந்து தின்றுவிட்டுப் போகிறான். திருட்டுப் பழி சுமத்தப்பட்ட இளையவன் காணாமற்போகிறான். தாய் சித்தம் கலங்குகிறாள். கிறிஸ்துமஸ் முன்னிரவில் தேடி வரும் பசிலியோவைக் கண்டு முதலில் ஓடி, பின் மகனென்று அறிந்து, அவனருகிலேயே உயிர் விடுகிறாள். அவ்வதிகாரத்தின் பெயரே நோச்சே புவேனா. ரிசாலின் நாவல்களைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்று 1956இல் சட்டம் வந்தது. அதைத் திருச்சபை எதிர்த்தது. இன்று மானோ செய்யும் பிள்ளைகளே வகுப்பில் சீசாவையும் படிக்கின்றனர்.

மாணவியின் கேள்விக்கான விடை 1891இல் வந்த 'எல் பிலிபுஸ்தெரிஸ்மோ'வில், ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. பதின்மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. பசிலியோ மருத்துவ மாணவன். கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்கு மணி ஒலிக்கும் நேரத்தில், எவரும் அறியாமல் வீட்டைவிட்டு வெளியேறி, தெருக்களைச் சுற்றி, ஊருக்கு அப்பாலுள்ள காட்டில் தாயைப் புதைத்த இடத்துக்குப் போகிறான். கேட்ட மாணவி இவ்வாண்டு படிப்பை முடித்துச் சென்றுவிட்டாள். வகுப்புத் தோழியரிடம் அவள் முகவரியைக் கேட்டிருக்கிறோம்.