பில் இல்லாத சரக்கும் வாட்ஸ்அப் வீடியோவும்



சென்ற மழைக்காலத்தில் ஆம்பூரில் என் மளிகைக் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். பாலாற்றில் நுரை பொங்குவதாக ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் கொதித்துப் போனார்கள். நானும் பத்துப் பேருக்கு அனுப்பினேன். மாலையில் கூர்ந்து கவனித்தால், கரையில் இருந்த பெயர்ப்பலகை இந்தியில் இருக்கிறது! எந்த ஊர் ஆறோ, யாருக்குத் தெரியும்?

இரண்டு நாள் கழித்து, நம் ஆற்றிலேயே வந்த நுரையைப் படம் பிடித்து ஒருவர் அனுப்பினார். "இதுவும் அந்த மாதிரிதான்" என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பொய்ச் செய்தியால் வந்த பெரிய நட்டம் இதுதான். மெய்யும் விலை போகாமல் நின்றுவிட்டது.

கைப்பேசி இல்லாத காலத்தில் நம் பகுதி மக்கள் என்ன செய்தார்கள்? தோல் கழிவுநீரால் கெட்ட கிணறுகளையும் நிலங்களையும் பற்றி 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் சென்றது. ஆய்வறிக்கைகள் முன் வைக்கப்பட்டன. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இன்றும் நாடெங்கும் வழக்குகளில் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு இது. ஆத்திரம் மட்டும் இருந்து, ஆதாரம் இல்லாமல் போயிருந்தால் இது கிடைத்திருக்குமா?

"இதெல்லாம் தொழிலைக் கெடுக்கும் சதி" என்போரும் நம்மிடையே உண்டு. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுநீர்த் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் மாண்டார்களே, அது வதந்தியா? பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தரவும், மேற்பார்வைக்குக் குழு அமைக்கவும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட நேர்ந்ததே, அது எதனால்? ஒரு வீடியோ மூன்று நாளில் மறந்து போகும். வழக்கோ முப்பது ஆண்டுகளாக நடக்கிறது. விடாமல் தொடர்ந்தவர்களால்தான் இவ்வளவும் நடந்தது.

நமக்கு இதில் இரட்டைப் பொறுப்பு உண்டு. தோல் ஷாப் சம்பள நாளில்தான் நம் கல்லா நிறைகிறது. அதே தொழிலாளி அந்தச் சம்பளத்தில் குடிதண்ணீர் கேனும் வாங்கிக்கொண்டு போகிறார். தொழிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும்.

பில் இல்லாத சரக்கை நாம் கடைக்குள் ஏற்றுவோமா? செய்திக்கும் அதே கணக்குத்தான். எந்த இடம், எந்த நாள், எடுத்தவர் யார் என்று கேட்காமல் எதையும் பிறருக்கு அனுப்பக் கூடாது. உண்மை என்று தெரிந்தால் கைப்பேசியோடு விட்டுவிடவும் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைக்க வேண்டும்.

நம் சங்கமும் ஆண்டுக்கு இருமுறை ஆற்று நீரையும் கிணற்று நீரையும் பரிசோதனைக் கூடத்திற்கு அனுப்பி, முடிவை அலுவலகப் பலகையில் ஒட்டலாம். கூட்டுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களும் தங்கள் கணக்கை ஊரறிய எழுதிப் போடட்டும். நேர்மையாக நடத்துபவருக்கு அதனால் நன்மையே. அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.