மூல ஓலையும் புளூ-ரே தகடும்

சென்ற வாரம் வீட்டுக்கு வந்திருந்த நண்பர் அலமாரியில் இருந்த புளூ-ரே தகடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கலங்கலான விடியோ காசெட்டைப் பார்த்துக் கண்கலங்கிய தலைமுறை சார் நாம். அன்றைக்கு வராத கண்ணீரா இந்தத் தகட்டில் வரப்போகிறது?" என்றார். அப்போது சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவர் எண்ணுவதுபோல் அது கருவிகளைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். விசிடியின் ஒரு சட்டகத்தில் 352க்கு 288 என்ற அளவில் ஏறத்தாழ ஒரு லட்சம் புள்ளிகள். டிவிடியில் 720க்கு 576, அதாவது நான்கு லட்சத்துக்குச் சற்று மேல். புளூ-ரேயில் 1920க்கு 1080, இருபது லட்சத்துக்கும் அதிகம். டிவிடியின் ஐந்து மடங்கு, விசிடியின் இருபது மடங்கு. ஆயினும் 32 அங்குலத் தொலைக்காட்சியைப் பத்தடி தள்ளி அமர்ந்து பார்ப்பவருக்கு டிவிடிக்கும் புளூ-ரேக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. மனிதக் கண்ணின் எல்லை அது. 55 அங்குலத் திரையை ஏழடி தொலைவில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு மறைக்க முடியாதபடி தெரியும். இந்த அளவில் நண்பரும் சரி, தகடு விற்பவரும் சரி.

ஆனால் இந்தக் கணக்கு ஒன்றைச் சொல்வதில்லை. தகட்டில் எத்தனை புள்ளிகளுக்கு இடமிருக்கிறது என்பது வேறு. அந்தப் புள்ளிகளில் எதை நிரப்பினார்கள் என்பது வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் நாட்டார் கலைகளும் திரைப்படமும் பற்றிப் பேசும்போது, 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி'யின் கிந்தனார் காலட்சேபத்தை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். கடையில் வாங்கிய மலிவு விசிடி அது. ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணனின் குரல் வந்தது. முகம் வரவில்லை. புருவத்தை ஏற்றி, உதட்டோரத்தில் ஒரு கணம் நிறுத்தி அவர் செய்யும் பகடி முழுக்கக் கட்டங்கட்டமாகக் கரைந்துபோயிருந்தது. பிள்ளைகள் மரியாதைக்குச் சிரித்தார்கள். கலைவாணரின் ஊரிலேயே, அவரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களாக மட்டுமே அவர்கள் வெளியே போனார்கள். விசிடி என்பதால் மட்டும் நேர்ந்ததல்ல இது. தேய்ந்துபோன திரையரங்குப் பிரதியிலிருந்து எடுத்ததைப் புளூ-ரேயில் பதித்துத் தந்திருந்தாலும், அந்தத் தேய்மானத்தைத்தான் இன்னும் துல்லியமாகப் பார்த்திருப்போம்.

தமிழ் படித்தவனுக்கு இது பழகிய விஷயம். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது தாள் எவ்வளவு வெண்மை என்பதா கேள்வி? எத்தனை ஏடுகளைத் தேடினார், எப்படி ஒப்பிட்டார் என்பதே கேள்வி. அச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் பிழைபட்ட ஏட்டிலிருந்து வந்த பாடம் பிழைபட்ட பாடம்தான். திரைப்படத்தில் மூல ஓலை என்பது நெகடிவ்.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) இதற்கு நல்ல உதாரணம். அதன் மூல நெகடிவ் 1993இல் லண்டனில் நேர்ந்த தீவிபத்தில் கருகியது. எரிந்த சுருள்களை வீசிவிடாமல் வைத்திருந்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் இத்தாலியின் போலோன்யா நகர ஆய்வகம் அவற்றை ஈரப்பதமூட்டி, கையால் ஒட்டிச் செப்பனிட்டது. அழிந்த பகுதிகளை வேறு நல்ல பிரதிகளிலிருந்து நிரப்பி, 4கே தரத்தில் உருவாக்கிய வடிவம் 2015இல் வெளிவந்தது. ஏடு ஒப்புநோக்குவது போன்ற வேலை. பழைய டிவிடியில் வெறும் வெண்திட்டாக இருந்த நாணற்பூ வெளியில், இந்தப் புளூ-ரேயில் ஒவ்வொரு பூவும் தனியே அசைகிறது. அக்காவும் தம்பியும் அதற்குள் தொலைவது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நண்பர் கேட்ட கண்ணீர் அங்கே வந்தது.

துல்லியம் என்ற பெயரில் நடக்கும் அழிவும் உண்டு. படச்சுருளின் மணித்துகள் குறையல்ல, அது படத்தின் தோல். அதைக் கணினியால் வழித்தெடுத்தால் முகங்கள் மெழுகுப் பொம்மை ஆகிவிடுகின்றன. இன்னொன்று, ஏறக்குறையச் சதுரமான பழைய சட்டகத்தை இன்றைய அகலத் தொலைக்காட்சிக்காக வெட்டுவது. இதில் உயரத்தில் கால்பங்கு போய்விடும். கூத்து மரபிலிருந்து வந்த நடிகனின் காலை வெட்டிவிட்டால் பாதி நடிப்பு போயிற்று. செய்யுளில் நான்காம் அடியை நீக்கிவிட்டு அழகிய பதிப்பு என்று விற்க முடியுமா?

நம் மாவட்டத்துக்கு இதில் தனித்த துயரம் ஒன்று உண்டு. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரனை' எடுத்த ஜே.சி.டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. அவருடைய உறவினரான நாகர்கோவில் சுந்தரராஜ் தயாரித்த 'மார்த்தாண்டவர்மா' (1933) பதிப்புரிமை வழக்கில் சிக்கி முடங்கியது. அதன் பிரதி நாவலைப் பதிப்பித்த நிறுவனத்திடம் கிடந்து, 1974இல் புணே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தது. இன்று எஞ்சியிருக்கும் மிகச் சில இந்திய மௌனப் படங்களில் அது ஒன்று. ஓடிய படம் அழிந்தது, முடக்கப்பட்ட படம் பிழைத்தது. நாம் காப்பாற்றியது என்று சொல்லிக்கொள்ள இதில் அதிகம் இல்லை.

ஆகவே, உயர் துல்லியத் தகடு நன்றாக இருக்கிறதா என்றால், ஆம், மூலம் நன்றாக இருந்தால். பழைய தமிழ்ப் படங்களை வெளியிடுவோரிடம் வாசகர்களாகிய நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான். பதிப்பாசிரியர் முன்னுரையில் ஏடுகளைக் குறிப்பிடுவதுபோல, எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது, முழு நீளம் எவ்வளவு, சட்டக அளவு மாற்றப்பட்டதா என்பதை உறையில் அச்சிடுங்கள். கேட்பவர் இருந்தால்தான் எஞ்சிய நெகடிவ்களைத் தேடவும் ஆள் வரும். அவை தகட்டைப் போலக் கடைக்குக் கடை கிடைப்பவை அல்ல, காத்திருப்பவையும் அல்ல.

நண்பர் போகும்போது 'பதேர் பாஞ்சாலி'யை இரவல் வாங்கிக்கொண்டார். இன்னும் திரும்பி வரவில்லை.