நட்சத்திர வீரரை விற்பதா, வேண்டாமா? ரசிகர்களின் பாசமும் கிளப்புகளின் கணக்கேடும்

கால்பந்து கிளப் ஒன்று தனது நட்சத்திர வீரரை விற்கும்போதெல்லாம் அதன் ரசிகர்கள் இரண்டாகப் பிரிகின்றனர். பணத்துக்காக அணியின் உயிரையே விற்றுவிட்டதாக ஒரு தரப்பு கொந்தளிக்கிறது. நல்ல விலை கிடைக்கும்போது விற்பதே அறிவுடைமை என்கிறது மறுதரப்பு. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் அண்மை ஆண்டுகளில் நடந்த சில விற்பனைகளை நோக்கினால், இவ்விரு வாதங்களுக்கும் அப்பால் வேறொரு காரணம் புலப்படுகிறது. யாரை விற்பது, எந்த நாளில் விற்பது என்பதைப் பல நேரங்களில் கணக்கேடே தீர்மானிக்கிறது.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப்பின் அனுபவம் இதற்குத் தெளிவான சான்று. 23 ஆண்டுகள் காத்திருந்து 2022-ல் பிரீமியர் லீக்குக்குத் திரும்பிய அந்த அணியின் செல்லப்பிள்ளை பிரென்னன் ஜான்சன். நாட்டிங்ஹாமிலேயே பிறந்து, சிறுவயது முதல் கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர். அவருடைய தந்தை டேவிட் ஜான்சனும் அதே அணிக்காக ஆடியவர்.

2023 செப்டம்பர் 1 அன்று ஜான்சனை டாட்டன்ஹாம் அணிக்கு ஃபாரஸ்ட் விற்றது. விலை 4.75 கோடி பவுண்டு, அதாவது சுமார் 500 கோடி ரூபாய். நல்ல விலைதான். ஆனால், கிளப்பின் நிதியாண்டு ஜூன் 30-ம் தேதியே முடிந்திருந்தது. இரண்டு மாத தாமதத்தால் அந்தத் தொகை முந்தைய ஆண்டுக் கணக்கில் சேரவில்லை. அனுமதிக்கப்பட்ட 6.1 கோடி பவுண்டு நஷ்ட வரம்பை ஃபாரஸ்ட் 3.45 கோடி பவுண்டு மீறியிருந்ததால், 2024 மார்ச்சில் அதன் 4 புள்ளிகள் பறிக்கப்பட்டன.

அவசரப்பட்டு ஜூனில் விற்றிருந்தால் குறைந்த விலையே கிடைத்திருக்கும், காத்திருந்ததால்தான் கிளப் பயனடைந்தது என்று ஃபாரஸ்ட் வாதிட்டது. விசாரணை ஆணையம் அதை ஏற்கவில்லை. வரம்பும் கெடுவும் முன்கூட்டியே தெரிந்தவை என்பது அதன் நிலைப்பாடு. அந்தப் பருவத்தில் 17-வது இடம் பிடித்து, தரமிறக்கத்திலிருந்து ஃபாரஸ்ட் தப்பியது.

சொந்த வீரர் என்றால் முழு லாபம்

விற்பனைக்கு உள்ளூர் வீரர் ஏன் முதலில் நினைவுக்கு வருகிறார் என்பதற்கு விடை கணக்கியலில் இருக்கிறது. ஒரு வீரரை 5 கோடி பவுண்டுக்கு 5 ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், அந்தச் செலவு ஆண்டுக்கு 1 கோடி வீதம் பிரித்து எழுதப்படும். 2 ஆண்டுகளுக்குப் பின் ஏட்டில் அவரது மதிப்பு 3 கோடியாக இருக்கும். அப்போது 4.75 கோடிக்கு விற்றால் லாபம் 1.75 கோடி மட்டுமே. கிளப்பே வளர்த்த வீரருக்கு வாங்கிய விலை என்று எதுவும் கிடையாது. அவரை அதே விலைக்கு விற்றால் 4.75 கோடியும் லாபமாகப் பதிவாகும்.

ரசிகர்கள் யாரைத் தங்களில் ஒருவராகக் கருதுகிறார்களோ, அவரே கணக்காளரின் பார்வையில் விற்பதற்கு மிக உகந்தவர் ஆகிவிடுகிறார்.

இதனால் விதிகளே தேவையற்றவை என்று முடிவு கட்டிவிட முடியாது. மூன்று ஆண்டுகளில் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்டு நஷ்டம் என்ற வரம்பின் பின்னணியில் கசப்பான வரலாறு உண்டு. 2010-ல் பிரீமியர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்த போர்ட்ஸ்மவுத் கடன் சுமையால் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. 2019-ல் நூற்றாண்டு கடந்த பரி கிளப், நிதி நெருக்கடியால் கால்பந்து லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. வீரரை இழந்த ரசிகருக்கு வருத்தம் மிஞ்சும். கிளப்பையே இழந்தவருக்கு வார இறுதியில் செல்ல மைதானமே இல்லை.

ஒருவரைக் காக்க இன்னொருவர்

நியூகாசில் யுனைடெட்டும் இதே நெருக்கடியைச் சந்தித்தது. 2024 கோடையில் கெடு நெருங்கிய வேளையில், தனது பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த எலியட் ஆண்டர்சனைச் சுமார் 3.5 கோடி பவுண்டுக்கு விற்றது. வாங்கியது, சில மாதங்களுக்கு முன் இதே விதியால் அடிபட்ட ஃபாரஸ்ட்! அதனால் முன்னணி கோல் வீரர் அலெக்சாண்டர் ஐசக்கை நியூகாசில் விற்காமல் வைத்துக்கொண்டது. 2025 மார்ச்சில் லீக் கோப்பை இறுதிப் போட்டியில் லிவர்பூலை வீழ்த்தி, 70 ஆண்டுகளுக்குப் பின் உள்நாட்டுக் கோப்பை ஒன்றை வென்றது. அப்போட்டியில் ஐசக்கும் கோல் அடித்தார்.

ஆனால், அடுத்த கோடையிலேயே ஐசக் அணியைவிட்டுச் செல்ல விரும்பி, களமிறங்காமல் ஒதுங்கினார். செப்டம்பர் 1 அன்று 12.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூல் சென்றார். அதே மாதம் ஆண்டர்சன் இங்கிலாந்து அணிக்காக அறிமுகமானார். தக்கவைத்த நட்சத்திரம் கோப்பையைத் தந்துவிட்டுப் போனது. விற்கப்பட்ட உள்ளூர் வீரர் வேறிடத்தில் ஒளிர்ந்தார். இதில் நியூகாசில் வென்றதா, தோற்றதா என்பதற்கு ஒற்றை வரியில் விடை கூற இயலாது.

புதிய விதி என்ன செய்யும்?

2026-27 பருவம் முதல் நஷ்ட வரம்புக்குப் பதிலாக 'அணிச் செலவு விகிதம்' என்ற முறையைக் கொண்டுவர பிரீமியர் லீக் கிளப்புகள் 2025 நவம்பரில் முடிவு செய்தன. இதன்படி, அணிக்கான செலவு கிளப் வருவாயில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வீரர் விற்பனையில் கிடைக்கும் லாபம் இதிலும் கணக்கில் கொள்ளப்படும். எனவே, சொந்த வீரரை விற்கும் தூண்டுதல் முற்றிலும் மறைந்துவிடும் என எதிர்பார்க்க முடியாது.

இந்நிலையில், 'விற்கலாமா?' என்பதோடு ரசிகர்கள் கேட்க வேண்டிய வேறு கேள்விகளும் உள்ளன. இந்தப் பற்றாக்குறை எப்படி வந்தது? முந்தைய ஆண்டுகளில் யார், எதற்குச் செலவிட்டார்கள்? ஜான்சன் விற்கப்படுவதற்கு முந்தைய ஓராண்டில் ஃபாரஸ்ட் வாங்கிக் குவித்த வீரர்கள் 20 பேருக்கும் மேல். அந்தக் கொள்முதல்களின் விலையில் ஒரு பகுதியை, கிளப் தானே வளர்த்தெடுத்த ஒரு வீரரைக் கொண்டு அடைக்க வேண்டியதாயிற்று.

டாட்டன்ஹாமோ 2025 மே மாதம் ஐரோப்பா லீக் கோப்பையை வென்று தனது 17 ஆண்டு கோப்பை வறட்சியைப் போக்கிக்கொண்டது. இறுதிப் போட்டியின் ஒரே கோலை அடித்தவர் பிரென்னன் ஜான்சன்.