வண்டியில் சேர்க்க முடியாதவை

குழித்துறையில் கார் வைத்திருப்பவனிடம் கேட்பதற்கு ஊருக்கு ஒரே கேள்விதான் உண்டு. "வண்டிய மாத்தலியா?" 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி, 28 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸுமாக இருந்தது, 18 சதவீதமாக இறங்கியது. அன்றிலிருந்து இந்தக் கேள்விக்கு ஒரு அதட்டலும் வந்து சேர்ந்துவிட்டது. கல்யாணப் பந்தியில், சர்ச் முற்றத்தில், காலையில் திருவனந்தபுரம் ரயிலுக்குக் காத்து நிற்கும் பிளாட்பாரத்தில், எங்கும் இதேதான். "எடே, வரி கொறஞ்சாச்சு இல்லியா, பின்ன என்ன?"

கையில் காசில்லை என்று சொன்னால் அடுத்த யோசனை தயாராக இருக்கும். "அப்ப இருக்குற வண்டியில கொஞ்சம் வேல செய்து விடு. அலாய் போடு, எல்இடி போடு. புது வண்டி மாதிரி ஆயிரும்."

ஆக, ஒன்று மாற்று, இல்லையென்றால் மேக்கப் போடு. இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துத்தான் ஊர் நம்மை யோசிக்கவிடுகிறது. இரண்டு யோசனையும் ஒரே கண்ணிலிருந்து வருபவை. வெளியே நின்று பார்க்கிறவனின் கண் அது. உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பது அதற்குத் தெரியாது.

மற்றவர்களைத் திட்டுவதற்கு முன் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இருந்தது 2012 மாடல் சின்ன கார், அடிப்படை வகை. ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. அதில் நான் போட்டவை: அலாய் வீல் 24 ஆயிரம், அகல டயர் 22 ஆயிரம், டச் ஸ்க்ரீன் 14 ஆயிரம், சீட் கவர் 9 ஆயிரம், முன்னால் மாட்டும் இரும்புக் கிராஷ் கார்டு 7 ஆயிரம், எல்இடி பல்பு 5 ஆயிரம். மொத்தம் 81 ஆயிரம் ரூபாய். வண்டி பார்க்க நன்றாகவே இருந்தது. "கொள்ளாமே" என்று நாலு பேர் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் 81 ஆயிரம்.

பிறகு ஒரு ஜூன் மாத மழை இரவு. மார்த்தாண்டம் மேம்பாலத்திலிருந்து குழித்துறைப் பக்கம் இறங்கி வருகிறேன். முன்சீட்டில் அம்மா. முன்னால் கேரளத்துக்குக் கல் ஏற்றிப் போகும் டாரஸ் லாரி. இந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிற யாருக்கும் அந்த லாரிகளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. லாரி சட்டென்று நின்றது. நான் பிரேக்கை அமுக்கினேன். சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன், வண்டி திரும்பவில்லை. நேராக வழுக்கிக்கொண்டே போகிறது. லாரியின் பின்பக்கத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பைய போ மக்கா" என்றாள்.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது அந்த 81 ஆயிரத்தில் ஒரு ரூபாய்கூட இல்லை. அந்த ஒரு கை தூரம் வெறும் அதிர்ஷ்டம்.

வீட்டுக்கு வந்து, இன்ஜினியரிங் படித்தவன் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். நான் வாங்கிப் போட்ட ஒவ்வொன்றும் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்தேன்.

அகல டயர்: காய்ந்த சாலையில் பிடிப்பு கொஞ்சம் கூடும். தேங்கிய தண்ணீரிலோ அகலம் கூடக்கூட டயர் நீரை வெட்டிக்கொண்டு தரையைத் தொடுவது கடினமாகிறது, மேலே மிதக்கப் பார்க்கிறது. வருடத்தில் இரண்டு பருவமழை பெய்யும் மாவட்டத்தில் இருந்துகொண்டு நான் காசு கொடுத்து வாங்கியது அது. எல்இடி பல்பு: ஹெட்லைட்டுக்குள் இருக்கும் கண்ணாடிக் கிண்ணம், ஹாலஜன் பல்பின் இழை எந்தப் புள்ளியில் எரிகிறதோ அந்தப் புள்ளிக்காக வளைக்கப்பட்டது. அதற்குள் வேறு இடத்தில், வேறு வடிவத்தில் ஒளிரும் சில்லைச் செருகினால் வெளிச்சம் சிதறும். எனக்குச் சாலை தெளிவாகத் தெரிவது போலிருக்கும், எதிரே பைக்கில் வருபவனுக்குக் கண் இருண்டுவிடும். கிராஷ் கார்டு: மோதலில் காரின் முன்பகுதி நசுங்க வேண்டும். நசுங்குவதில்தான் மோதலின் வேகம் செலவாகிறது. சேஸிஸில் நேராக முடுக்கிய இரும்புக் கம்பி அந்த நசுங்கலைக் கெடுத்து, அடியை உள்ளே அனுப்புகிறது. ஏர்பேக் உள்ள வண்டியில் அதன் சென்சாரையும் குழப்பக்கூடும். நடந்துபோகிறவனை இடித்தால் அவன் கதை இன்னும் மோசம். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதைத் தடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பிறகும் ஊரில் பாதி வண்டிகள் மூக்கில் கம்பி மாட்டிக்கொண்டுதான் போகின்றன.

சரி, நல்லதாக எதையாவது சேர்க்கலாம் என்று பார்த்தால் அங்கே கதவு சாத்தியிருக்கிறது. ஏபிஎஸ் என்பது ஒவ்வொரு சக்கரத்திலும் வேகமானி, நடுவில் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டுக் கொடுக்கும் ஒரு பம்ப், இவற்றை ஆளும் கணினி. அந்த வண்டியின் எடைக்கும் சக்கரத்துக்கும் என்று பார்த்து அமைத்தது. ஏர்பேக் அதைவிடச் சிக்கல். கண் இமைப்பதற்குள் அது விரிந்தாக வேண்டும். எப்போது விரிய வேண்டும் என்ற முடிவு, அந்த உடல் எப்படி நசுங்கும் என்பதைச் சோதித்துப் பார்த்து எழுதியது. மார்த்தாண்டத்தில் எந்தக் கடையிலும் இதைப் போட்டுத்தர மாட்டார்கள். போட்டுத்தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து ஓடிவிடுவது நல்லது.

ஏர்பேக் மட்டும் இருந்தாலும் போதாது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சின்ன கார்களை மோதிப் பார்த்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ. ஏர்பேக் இல்லாத வகைகள் ஐந்துக்கும் பூஜ்யம் நட்சத்திரம். ஆனால் ஃபிகோவுக்கும் போலோவுக்கும் கூடு குலையாமல் நின்றது. ஏர்பேக் வைத்த போலோ நான்கு நட்சத்திரம் வாங்கியது. மற்ற மூன்றின் கூடே தாங்கவில்லை. ஏர்பேக் வைத்தாலும் பெரிய பலனிருக்காது என்பது அந்தச் சோதனையின் முடிவு. கூட்டை எந்தப் பட்டறையிலும் மாற்ற முடியாது.

ஆக என் வாதம் இதுதான். காரில் நாம் சேர்க்க முடிகிற பெரும்பாலானவை நமக்குத் தேவையில்லாதவை. உயிர் காக்கத் தேவையான எதையும் நம்மால் சேர்க்க முடியாது. எங்கள் மென்பொருள் தொழிலில் இது அன்றாடம் பார்க்கிற விஷயம். திரையின் நிறத்தை ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம். அடித்தளத்தில் இல்லாத பாதுகாப்பை மேலே பூசிக் கொண்டுவர முடியாது. தெரிந்தே நான் வண்டிக்கு நிறம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"என் வண்டி, என் காசு, என் இஷ்டம்" என்பவர்கள் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரள உயர் நீதிமன்றம் இதற்குக் கொடுத்திருந்த தளர்வான பொருளை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ரத்து செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. களியக்காவிளையைத் தாண்டினால் அது வெறும் எழுத்தல்ல என்பது நம்மூர் டிரைவர்களுக்கு நன்றாகவே தெரியும். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு நாமே எழுதிக்கொடுக்கும் காரணம்.

எல்லா மாற்றமும் கேடு என்று நான் சொல்லவில்லை. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் ஓடும் பழைய ஜீப்புகளைப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி டீசல் இன்ஜின் வைத்து, ஒரு தலைமுறையையே மலையேற்றிவிட்ட மெக்கானிக்குகள் நம்மிடம் இருந்தார்கள். அம்பாசிடருக்கும் அதைச் செய்தார்கள். அவர்களுக்கு வேண்டியதைக் கம்பெனி கொடுக்கவில்லை, கையால் செய்துகொண்டார்கள். கால் இயங்காதவர் ஆர்டிஓ அனுமதியோடு கையால் இயக்கும் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் வைத்துக்கொள்வது இன்றைக்கும் நடக்கிறது. அங்கீகரித்த சிஎன்ஜி கிட் போட்டு ஆர்சியில் பதிந்துகொள்ளலாம். இவையெல்லாம் தேவையிலிருந்து வந்தவை. என் 81 ஆயிரம் எந்தத் தேவையிலிருந்து வந்தது?

இப்போது மாற்றச் சொல்கிற கட்சிக்கு வருகிறேன். அவர்கள் சொல்வதில் பாதி சரி. ஆனால் "மேலே போவது" என்றால் அவர்களுக்கு நீளமும் உயரமும் சன்ரூஃபும். தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் சாலை வரி 13 சதவீதம், அதைத் தாண்டினால் இருபது லட்சம் வரை 18 சதவீதம். தெருவில் அரையடி கூடுதலாக நிற்பதற்கு இந்த வரி, அதற்கு மேல் ஏழு வருடக் கடன். கல்யாணத்துக்குக் கொடுக்கும் காரில் இது உச்சத்துக்குப் போகும். 1961-இலிருந்து வரதட்சணைத் தடைச் சட்டம் இருக்கும் நாட்டில், பெண்ணின் அப்பா வாங்கித்தரும் காரின் நிறத்தைக் கேட்கிறார்கள், மாடலைக் கேட்கிறார்கள். "எத்தனை ஏர்பேக்?" என்று ஒரு மாப்பிள்ளை வீட்டார் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பெண்ணும் அதில்தானே உட்காரப் போகிறாள்?

என்னைக் கேட்டால், மேலே போவதற்கு அளவுகோல் வருடம்தான். தயாரிப்பில் இருந்த எல்லா மாடல்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுநர் ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையில். முன்பக்க, பக்கவாட்டு மோதல் சோதனை அதே ஆண்டு அக்டோபரில். பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக் 2021 டிசம்பர் முடிவுக்குள். எனவே 2022-க்குப் பிறகு செய்த எந்த அடிப்படை வகைக் காரும், எல்லா அலங்காரமும் செய்த என் 2012 வண்டியைவிட மேலானது. அது சின்னதாக இருக்கட்டும், பழைய கைமாறிய வண்டியாக இருக்கட்டும், ஹப் கேப் இல்லாமல் இருக்கட்டும். காப்பீட்டுக் கணக்குப்படி மூன்று வருடம் தாண்டிய வண்டிக்கு 40 சதவீதம் மதிப்பு கழிந்துவிடுகிறது. சந்தையில் அவ்வளவு குறையாது, ஆனாலும் முதல் வருடங்களின் அடியை வேறொருவர் வாங்கியிருப்பார்.

உங்கள் வண்டி அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் மாற்றாதீர்கள், அதன்மேல் எதையும் ஒட்டவும் செய்யாதீர்கள். நல்ல டயர் நான்கு, கம்பெனி சொன்ன அளவிலேயே. இரண்டு வருடத்துக்கொரு முறை பிரேக் எண்ணெய். மழைக்கு முன் வைப்பர். பின்சீட்டிலும் பெல்ட். 2022 செப்டம்பரில் சைரஸ் மிஸ்திரி இறந்தது விலையுயர்ந்த காரில்தான். பின்னால் இருந்த அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸார் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் என்னை எதிர்த்தது அப்பா. "நல்லா ஓடுதில்லியா, பின்ன எதுக்கு மாத்தணும்?" என்பது அவர் கட்சி. அதை எளிதாகச் சமாளித்தேன், மழை இரவுக் கதையைச் சொன்னால் போதும். ஆனால் அவர் அடுத்து ஒன்று கேட்டார். "செரி, இத நீ யாருக்கு விப்ப? அவனுக்க வீட்டுல அம்ம இல்லியா?"

இரண்டு நாள் எனக்குப் பதில் இல்லை. பாதுகாப்பு இல்லாததென்று நான் இறங்கிய வண்டியில் இன்னொரு குடும்பத்தை ஏற்றிவிடுவது என்ன நியாயம்? உடைக்கக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் வாங்க வந்தவர், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரே ஸ்கூட்டரில் வைத்து அதே சாலையில், அதே லாரிகளுக்கு நடுவே, அதே மழையில் போய்க்கொண்டிருந்தவர். அவருக்கு இந்த வண்டி உண்மையிலேயே மேலே போவதுதான். என் கணக்கை அவர் கணக்கின் மேல் சுமத்த எனக்கு உரிமையில்லை. இந்த வாதம் எனக்கு வசதியாக இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அப்பா அதை ஒப்புக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை.

விற்பதற்கு முன் கிராஷ் கார்டைக் கழற்றினேன். எல்இடியை எடுத்துவிட்டுப் பழைய பல்பைப் போட்டேன். பழைய அளவில் புது டயர்கள் வாங்கி, பரணில் கிடந்த இரும்புச் சக்கரங்களில் மாட்டினேன். பிரேக் வேலை முழுவதும் செய்துகொடுத்தேன். ஏபிஎஸ் கிடையாது, மழையில் இடைவெளி விட்டுப் போகணும் என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, சக்கரங்களைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.

"அண்ணே, போட்டோவுல அலாய் இருந்துதே. அது தரமாட்டீங்களா?"